கவுண்டி தண்ணீர், கழிவுநீர் வாரியத்துக்குப் புதுப் பொது மேலாளர்: என்ன கேட்கலாம்?

நீரோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் எங்கள் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) குடிநீரும் கழிவுநீரும் ஒரே வாரியத்தின் கையில் இருக்கின்றன. இப்போதைய பொது மேலாளர் ஓய்வு பெறுகிறார். கடைசிச் சுற்றுக்கு வந்த இரண்டு பேரை அடுத்த வாரம் பொதுமக்கள் முன்னால் உட்கார வைக்கப் போகிறார்கள். பெயர் கொடுத்தால் ஆளுக்கு மூன்று நிமிடம் கேள்வி கேட்கலாம். நான் பெயர் கொடுத்துவிட்டேன், ஆனால் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

வாரியத்தின் இணையதளத்தில் தலைமைக் குழு என்று ஒரு பக்கம் இருக்கிறது. பொது மேலாளர், துணைப் பொது மேலாளர், தலைமைப் பொறியாளர், நிதித் தலைவர், இயக்கப் பிரிவு இயக்குநர், சட்ட ஆலோசகர், மக்கள் தொடர்பு, மனிதவளம். எல்லோரும் கோட்டு போட்டுச் சிரிக்கிறார்கள். படத்துக்குக் கீழே எந்தப் பல்கலைக்கழகம், எத்தனை வருட அனுபவம், வீட்டில் எத்தனை பிள்ளைகள், நாய் என்ன ஜாதி என்பது வரை போட்டிருக்கிறது. யார் என்ன வேலை செய்கிறார், எது கெட்டுப்போனால் யாரைக் கேட்பது என்பது மட்டும் இல்லை.

துறையில் இருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.

சந்தேகச்சாமி எழுதியது:

யார் வந்தால் என்ன? குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, கழிவறையில் தண்ணீர் விட்டால் போய்விடுகிறது. அதைச் செய்வது குழிக்குள் இறங்குகிறவர். மேலே இருப்பவர்களில் சிலருக்கு மாநில ஆளுநரைவிடச் சம்பளம் அதிகம். கூட்டத்துக்குப் போய் மூன்று நிமிடத்தை வீணாக்காமல் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

பம்ப்ஹவுஸ் எழுதியது:

சாமி, குழிக்குள் இறங்குகிறவர்கள் பட்டியலில் நானும் உண்டு. உரிமம் பெற்ற கழிவுநீர் ஆபரேட்டர், பல வருடமாக ஷிஃப்ட் வேலை. மேலே யார் இருக்கிறார் என்பது எங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

சியாட்டிலில் கிங் கவுண்டி நடத்தும் வெஸ்ட் பாயின்ட் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்கவரி பார்க்கின் ஓரத்தில், கடலை ஒட்டி இருக்கிறது. மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் ஓடும் பழைய நகரப் பகுதிகளின் தண்ணீர் அங்கேதான் வந்து சேர்கிறது. உச்சக் கொள்ளளவு நாளைக்கு 44 கோடி காலன். 2017 பிப்ரவரி 9, விடியலுக்கு முன்னால் பெரிய மழை, கடலிலும் ஏற்றம். நிலையம் முழுக் கொள்ளளவில் ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரத்தில் ஒரு பகுதி போனது. சுத்தம் செய்த தண்ணீரைக் கடலுக்குத் தள்ளும் பம்புகள் நின்றன. உள்ளே வரும் தண்ணீர் நிற்கவில்லை.

இந்த மாதிரி நேரத்துக்கென்றே முதல்நிலைத் தொட்டிகளில் ஃப்ளோட் ஸ்விட்ச் இருக்கும். தண்ணீர் மட்டம் ஏறினால் மிதவை தூக்கும், உள்ளே இழுக்கும் பம்புகள் தானாக நிற்கும். அன்றைக்கு அது வேலை செய்யவில்லை. தொட்டி வழிந்து, நிலத்தடிச் சுரங்க வழிகளில் தண்ணீர் பாய்ந்து, மோட்டார்களும் மின்பலகைகளும் மூழ்கின. உள்ளே இருந்த ஊழியர்கள் ஓடித் தப்பினார்கள். உயிர்ச்சேதம் இல்லை, அது அதிர்ஷ்டம். வேறு வழியில்லாமல் பைபாஸ் கதவைத் திறந்து, மழைநீர் கலந்த கழிவை நேராகப் பியூஜெட் சவுண்ட் என்ற கடற்பகுதியில் விட்டார்கள். மொத்தம் 23 கோடி காலனுக்கு மேல். அதில் சுமார் 3 கோடி காலன் சுத்தம் செய்யாத வெறும் சாக்கடை. நிலையம் பழைய நிலைக்குத் திரும்ப மே மாதம் ஆனது, செலவு இரண்டரைக் கோடி டாலர் அளவில்.

இதில் என் கண்ணுக்குப் படுவது ஃப்ளோட் ஸ்விட்ச்தான். அது ஒரு குச்சியும் ஒரு உருண்டையும். கிரீஸும் துணிக்கந்தலும் சிக்கினால் மாட்டிக்கொள்ளும். எங்கள் நிலையத்தில் ஷிஃப்ட் மாறும்போது ஒருவர் கம்பியால் அதைத் தூக்கிப் பார்த்து, அலாரம் அடிக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஆள் குறைந்தால் முதலில் விட்டுப்போகும் வேலையும் அதுதான். ஆள் எண்ணிக்கையை முடிவு செய்வது யார்? படத்தில் கோட்டு போட்டுச் சிரிக்கிறாரே, அவர்.

கிங் கவுண்டி கவுன்சில் வெளியாட்களை வைத்து ஆய்வு செய்தது. நெருக்கடி நேரத்துக்கான பயிற்சி போதவில்லை, ஒரு கருவி போனால் தாங்க இன்னொன்று இல்லை என்றெல்லாம் அந்த அறிக்கை சொன்னது. இரண்டுமே கீழே இருப்பவர் தீர்க்கக்கூடியவை அல்ல.

நீரோட்டம் எழுதியது:

நன்றி அண்ணா, இது எனக்குத் தெரியாத கதை. அப்படியானால் பொது மேலாளரிடம் ஃப்ளோட் ஸ்விட்ச் பற்றியா கேட்பது? அவர் விழிப்பார்.

பம்ப்ஹவுஸ் எழுதியது:

விழிக்கட்டும், அதுவும் ஒரு பதில்தான். ஆனால் இன்னும் நேராகக் கேட்கலாம். கழிவுநீரை ஆற்றிலோ கடலிலோ விட கூட்டாட்சி அனுமதி ஒன்று உண்டு. அதன்படி எவ்வளவு தண்ணீர், எவ்வளவு அழுக்கு என்று கண்காணிப்பு அறிக்கை தவறாமல் அனுப்ப வேண்டும். அறிக்கையின் அடியில், இது என் மேற்பார்வையில் தயாரானது, தெரிந்தே பொய் சொன்னால் அபராதமும் சிறையும் வரலாம் என்று அறிவேன் என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கும். கையெழுத்துப் போட வேண்டியவர் அமைப்பின் தலைமை அதிகாரி, அல்லது அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த ஒருவர். பெரும்பாலான இடங்களில் அந்த அதிகாரம் நிலைய மேலாளரிடம் இறங்கிவிடும்.

அதனால் இப்படிக் கேளுங்கள்: உங்கள் முந்தைய இடத்தில் அந்தக் கையெழுத்து யாருடையது? கையெழுத்திட்டவர் "இந்த மாதம் அளவு மீறியிருக்கிறது" என்று சொல்ல வந்தால் உங்கள் அறைக்கு நேராக வர முடியுமா, நடுவில் எத்தனை பேரைத் தாண்ட வேண்டும்?

பழைய மெட்ரோவாட்டர் எழுதியது:

தம்பி பம்ப்ஹவுஸ் நன்றாகச் சொன்னார். நான் சென்னையில் ஓய்வுபெற்ற பொறியாளர், இப்போது மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: உரிமம். பெரிய நிலையத்தின் தலைமை ஆபரேட்டர் அந்த நிலையத்தின் வகைக்கேற்ற உரிமம் வைத்திருந்தே ஆக வேண்டும். கலிஃபோர்னியாவில் ஐந்து நிலை வைத்திருக்கிறார்கள். எத்தனை பெரிய இன்ஜினியரிங் பட்டம் இருந்தாலும் அந்தத் தேர்வு எழுதாமல் அந்த நாற்காலி இல்லை.

நம்மூரில் வேறு ஏற்பாடு. சென்னைக் குடிநீர் வாரியம் 1978 சட்டத்தில் உருவானது, நிர்வாக இயக்குநர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவருக்குக் கீழே பொறியியல் இயக்குநர், அப்புறம் பகுதிப் பொறியாளர், அதற்கும் கீழே டிப்போ என்கிற வட்டார அலுவலகம். டிப்போவில் இருக்கிறவருக்குத்தான் எந்தத் தெருவில் எந்த வால்வு எத்தனை சுற்று என்று தெரியும். அது எந்த வரைபடத்திலும் இராது. எங்கள் காலத்தில் ஒரு பெரியவர் இருந்தார். தார் போட்டு மூடிப்போன வால்வு மூடியைக் கடப்பாரை முனையால் தட்டிச் சத்தம் கேட்டே கண்டுபிடிப்பார். அவர் ஓய்வு பெற்ற பிறகு தெருவைத் தோண்டித்தான் தேட வேண்டியிருந்தது.

இங்கேயும் அதே கதை வரப்போகிறது. தண்ணீர்த் துறை ஊழியர்களில் பெரும்பகுதி ஓய்வு வயதை நெருங்குகிறது என்று எல்லா மாநாட்டிலும் பேசுகிறார்கள். நீரோட்டம், உங்கள் வேட்பாளரிடம் கேளுங்கள்: அடுத்த ஐந்து வருடத்தில் ஓய்வு பெறும் ஆபரேட்டர்கள் எத்தனை பேர், அவர்களுக்குப் பின்னால் நிற்பது யார்?

டெட்ராய்ட் அக்கா எழுதியது:

எல்லோரும் மேலாளரை வேலைக்கு எடுக்கும் கதையே பேசுகிறீர்கள். எங்கள் மிச்சிகனில் நாங்கள் ஓட்டுப் போட்டே தேர்ந்தெடுப்போம்! 1956ஆம் வருட வடிகால் சட்டப்படி கவுண்டிக்கு ஒரு வடிகால் ஆணையர், நான்கு வருடப் பதவி. ஓக்லண்டில் நீர்வள ஆணையர் என்று பெயர், எங்கள் மகோம்பில் பொதுப்பணி ஆணையர். வாக்குச்சீட்டின் அடிப்பக்கத்தில் இருக்கும், பாதிப் பேர் அதுவரை போகவே மாட்டார்கள்.

மகோம்பில் அந்தோணி மரோக்கோ என்பவர் 1993லிருந்து அந்த நாற்காலியில் இருந்தார். 2016 நவம்பர் தேர்தலில் கேண்டிஸ் மில்லர் அவரைத் தோற்கடித்தார். மில்லர் அப்போது அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர். வாஷிங்டன் பதவியை விட்டுவிட்டுச் சாக்கடைக்கு வருகிறாரே என்று சிரித்தவர்கள் உண்டு. புது ஆள் ஜனவரி 1 பதவியேற்க வேண்டும். டிசம்பர் 24 காலையில் ஃப்ரேசர் என்ற ஊரில், "பதினைந்து மைல் சாலை" என்று பெயருள்ள சாலைப் பக்கம் ஒரு வீட்டுச் சுவர் விரிசல் விடுகிறது, தரை இறங்குகிறது. ஐம்பது அடிக்கும் ஆழத்தில் போகும், 11 அடி விட்டமுள்ள பெருங்குழாய் உள்ளே உடைந்துவிட்டது. இருபதுக்கு மேற்பட்ட வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்! சில வீடுகளுக்கு ஆட்கள் திரும்பவே முடியவில்லை. சரிசெய்ய ஏழரைக் கோடி டாலர் வரை ஆனது, மாதக்கணக்கில் சாலை மூடிக் கிடந்தது. அதே சாலையில் இன்னொரு இடத்தில் 2004லும் இப்படி ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

மரோக்கோ விஷயம் அதோடு முடியவில்லை. ஒப்பந்தக்காரர்கள் அவருடைய தேர்தல் நிதி விருந்துக்கு டிக்கெட் வாங்காவிட்டால் அனுமதிச் சீட்டை நிறுத்தி வைப்பேன் என்று மிரட்டியதாகக் கூட்டாட்சி வழக்கு வந்தது. மிரட்டிப் பணம் பறிக்க முயன்றதை அவரே பின்னால் ஒப்புக்கொண்டார்.

சந்தேகச்சாமி எழுதியது:

அக்கா, இதைத்தானே நானும் சொல்கிறேன்? தேர்ந்தெடுத்தாலும் திருடுகிறார்கள், நியமித்தாலும் தூங்குகிறார்கள்.

டெட்ராய்ட் அக்கா எழுதியது:

அவசரப்படாதே சாமி. ஓட்டுப் போட்டதால்தான் அவரை இறக்கவும் முடிந்தது. நியமனமாக இருந்தால் எங்களுக்கு அவர் பெயர்கூடத் தெரிந்திருக்காது. ஆனால் ஒன்று: ஓட்டு கேட்கிறவர் நிலத்தடிக் குழாய்க்குச் செலவு செய்ய யோசிப்பார். ஐம்பது அடி ஆழத்தில் செய்த வேலையைப் பக்கத்தில் நின்று படம் எடுத்து வீடு வீடாக அனுப்ப முடியாது பார்.

மட்டுறுத்துநர்:

அமெரிக்கக் கட்சி அரசியல் பக்கம் இழை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

பாண்டுக்காரன் எழுதியது:

நான் நகராட்சிக் கடன்பத்திரப் பக்கம் வேலை செய்கிறேன். பம்ப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இந்தத் துறையில் வேலைக்குச் சேர்கிற யாருக்கும் முதலில் சொல்லித்தரும் பாடம் ஒரு சாக்கடைதான்: அலபாமாவின் ஜெஃபர்சன் கவுண்டி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பர்மிங்ஹாம் நகரைச் சுற்றியுள்ள கவுண்டி அது. பழைய குழாய்கள் ஓட்டை, மழை வந்தால் கழிவு வழிந்து கஹாபா ஆற்றில் கலக்கும். 1993ல் குடியிருப்பவர்கள் சிலரும் கஹாபா ஆற்றுச் சங்கமும் வழக்குப் போட்டார்கள், மத்திய சுற்றுச்சூழல் முகமையும் சேர்ந்துகொண்டது. 1996ல் சமரசத் தீர்ப்பு. சுற்றியிருந்த இருபத்தொரு நகராட்சிகளின் குழாய்களையும் கவுண்டியே எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சரிசெய்வதாக ஒப்புக்கொண்டது. அதுவரைக்கும் நல்ல கதைதான்.

பணத்துக்குக் கடன் வாங்கினார்கள். வேலை பெருத்தது, செலவு வீங்கியது. ஆற்றுக்கு அடியில் சுரங்கம் தோண்டப் போய்ப் பாதியில் கைவிட்டதும் உண்டு. கடன் 300 கோடி டாலரைத் தாண்டியது. 2002, 2003 வாக்கில் நிலையான வட்டிக் கடனை மாறும் வட்டிக்கு மாற்றி, அதன் மேல் ஸ்வாப் என்ற வட்டிப் பரிமாற்ற ஒப்பந்தங்களை அடுக்கினார்கள். ஸ்வாப் என்றால் சுருக்கமாக இவ்வளவுதான்: கவுண்டி வங்கிக்கு நிலையான வட்டி கொடுக்கும், வங்கி கவுண்டிக்குச் சந்தை வட்டி கொடுக்கும், அதை வைத்துக் கவுண்டி தன் கடன்காரர்களுக்கு மாறும் வட்டி கட்டும். எல்லாம் சீராக ஓடும்வரை மிச்சம்போலத் தெரியும். 2008 தொடக்கத்தில் அந்தக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்த காப்பீட்டு நிறுவனங்களின் கடன்தர மதிப்பீடு சரிந்தது. பத்திரங்களை வாங்க ஆள் இல்லை. கவுண்டி கட்ட வேண்டிய வட்டி எகிறியது, வங்கியிடமிருந்து வரும் வட்டி அதற்கு ஈடாக ஏறவில்லை. நீண்ட காலத்தில் அடைக்க வேண்டிய கடனைச் சில வருடங்களில் அடை என்று நெருக்கடியும் வந்தது.

2011 நவம்பர் 9 அன்று கவுண்டி திவால் மனு போட்டது. மொத்தக் கடன் சுமார் 420 கோடி டாலர். டெட்ராய்ட் 2013ல் திவாலாகும்வரை அமெரிக்க உள்ளாட்சிகளில் அதுதான் பெரிய திவால்.

இப்போது ஆட்கள் பக்கம் வருகிறேன், இழையின் கேள்வி அதுதானே. அங்கே ஐந்து ஆணையர்கள், எல்லோரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆளுக்கொரு துறையைப் பிரித்துக்கொண்டு தாங்களே நடத்தினார்கள். கொள்கை வகுப்பவரும் அவர்தான், ஒப்பந்தம் கொடுப்பவரும் அவர்தான். சாக்கடைத் துறையின் இயக்குநராக இருந்தவர், ஒப்பந்தக்காரர்கள் தன் வீட்டைப் புதுப்பித்துக் கொடுத்ததை லஞ்சமாகப் பெற்றார் என்று தண்டனை பெற்றார். ஆணையர்கள் சிலரும் உள்ளே போனார்கள். ஆணையத் தலைவராக இருந்து பின்னால் பர்மிங்ஹாம் மேயரான லாரி லாங்ஃபோர்டு, கடன்பத்திர வேலைகளை நண்பருக்குத் திருப்பிவிட்டதற்காக ரோலக்ஸ் கடிகாரம், துணிமணி, ரொக்கம் என்று வாங்கியதாக 2009 அக்டோபரில் 60 குற்றச்சாட்டுகளில் குற்றவாளியானார். பதினைந்து வருடச் சிறை. ஜேபி மார்கன் வங்கி பங்குச்சந்தை ஆணையத்துடன் சமரசம் செய்துகொண்டு, இரண்டரைக் கோடி டாலர் அபராதம் கட்டி, கவுண்டிக்கு ஐந்து கோடி கொடுத்து, ஸ்வாப் முறிப்புக் கட்டணம் 64.7 கோடி டாலரை விட்டுக்கொடுத்தது.

ரோலக்ஸ் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப்படுவது வேறு. அத்தனை வருடமும் அந்தக் கவுண்டியில் தொழில்முறை நிர்வாகி ஒருவர்கூட இல்லை. மாநிலச் சட்டமன்றம் 2009ல் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்திய பிறகுதான் 2011ல் முதல் கவுண்டி மேலாளர் வந்தார். வந்ததும் திவால். நடுவில் ஒரு மாநில நீதிமன்றம் சாக்கடையை நடத்த ரிசீவர் என்ற வெளி நிர்வாகியை நியமித்திருந்தது, 2010ல்.

2013 டிசம்பரில் திவாலிலிருந்து வெளியே வந்தார்கள். விலை என்ன தெரியுமா? சாக்கடைக் கட்டணம் முதல் நான்கு வருடம் ஏறக்குறைய எட்டு சதவீதம், அப்புறம் வருடா வருடம் 3.49 சதவீதம். லஞ்சம் வாங்கியவர் கட்டவில்லை, குளியலறை வைத்திருப்பவர்கள் கட்டுகிறார்கள்.

நீரோட்டம் எழுதியது:

எங்கள் வாரியமும் போன வருடம் கடன்பத்திரம் வெளியிட்டது. இப்போது தூக்கம் போய்விட்டது.

பாண்டுக்காரன் எழுதியது:

பயப்படாதீர்கள், கடன் வாங்குவது தவறில்லை. ஐம்பது வருடம் ஓடும் குழாய்க்கு இன்று குடியிருப்பவர் மட்டும் ஏன் முழுப்பணம் கட்ட வேண்டும்? வாரியத்தின் வருடாந்திர நிதி அறிக்கையை இறக்கி, கடன்தவணைக்கு எத்தனை மடங்கு நிகர வருமானம் வருகிறது என்று பாருங்கள். ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் கேள்வி கேளுங்கள். வேட்பாளரிடம் நான் கேட்பது: கட்டண உயர்வை வாரிய உறுப்பினர்கள் நிராகரித்தால் எதை வெட்டுவீர்கள்? பராமரிப்பை என்று சொன்னால் அடுத்தவரைப் பாருங்கள்.

பம்ப்ஹவுஸ் எழுதியது:

அந்தக் கடைசி வரிக்கு எங்கள் ஷிஃப்ட் சார்பில் ஒரு டீ.

வளைகுடா வாசன் எழுதியது:

புதிதாக வந்தவன், தாமதமாகச் சேர்கிறேன். கலிஃபோர்னியா ஆரஞ்சு கவுண்டியை யாரும் சொல்லவில்லையே? எல்லாம் கெட்ட உதாரணமாகவே போகிறது.

அங்கே கழிவுநீருக்கு மாவட்டம் என்ற பெயரில் ஒரு அமைப்பு, நிலத்தடி நீருக்கு இன்னொரு மாவட்டம், இரண்டும் தனித்தனி. கழிவுநீர் மாவட்டத்தின் குழுவில் 25 பேர், பெரும்பாலும் சுற்றியுள்ள நகரங்களின் கவுன்சில் உறுப்பினர்கள். அவர்கள் சேர்ந்து பொது மேலாளரை வேலைக்கு வைப்பார்கள், அவர் மற்றவர்களை வைப்பார். கழிவைப் பாதியளவு மட்டும் சுத்தம் செய்து கடலில் விட அவர்களுக்கு ஒரு சலுகை அனுமதி இருந்தது. கரையில் அலைச்சறுக்கு ஆடுகிறவர்கள் எதிர்த்தார்கள். 2002 ஜூலையில் சலுகையைப் புதுப்பிக்க வேண்டாம், முழுச் சுத்திகரிப்புக்குப் போவோம் என்று தீர்மானம். ஓட்டு எத்தனை தெரியுமா? 13க்கு 12.

அந்த ஒரு ஓட்டுக்குப் பின்னால் வந்ததுதான் சுவாரசியம். நிலத்தடி நீர் மாவட்டமும் கழிவுநீர் மாவட்டமும் சேர்ந்து, சுத்தம் செய்த கழிவுநீரை நுண்வடிகட்டி, தலைகீழ் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.), புற ஊதாக் கதிரோடு ஹைட்ரஜன் பெராக்சைடு என்று மூன்று கட்டமாகச் சுத்தப்படுத்தி நிலத்தடிக்கு அனுப்புகிறார்கள். 2008 ஜனவரியில் நாளைக்கு ஏழு கோடி காலனில் தொடங்கி, 2015ல் பத்து, 2023ல் பதின்மூன்று கோடி. கொஞ்சம் கடலோரக் கிணறுகளில் இறக்கி உப்பு நீர் உள்ளே வராமல் தடுக்கிறார்கள், மீதியை அனாஹைமில் உள்ள குளங்களில் விட்டு ஊற வைக்கிறார்கள். பிறகு அதுதான் குடிநீர்க் கிணற்றில் வருகிறது.

நீரோட்டம், மக்கள் தொடர்பு இயக்குநரைப் பட்டியலில் பார்த்துவிட்டுத் தாண்டிப்போனீர்களே, அவரைக் கவனியுங்கள். பக்கத்து லாஸ் ஏஞ்சலஸிலும் இதேபோல ஒரு திட்டம் கட்டினார்கள். கழிவறைத் தண்ணீரைக் குடிக்கச் சொல்கிறார்கள் என்று பேச்சுக் கிளம்பி, 2000 வாக்கில் அது படுத்துவிட்டது. ஆரஞ்சு கவுண்டிக்காரர்கள் ஒரு செங்கல் வைப்பதற்குப் பல வருடம் முன்பே மருத்துவர்கள், பெற்றோர் சங்கங்கள், சிறு வணிகர்கள் என்று தேடித் தேடிப் போய்ப் பேசினார்கள். பெரிய எதிர்ப்பே எழவில்லை.

பழைய மெட்ரோவாட்டர் எழுதியது:

தம்பி வாசன், அருமை. சென்னையிலும் 2019லிருந்து கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளைக்கு நான்கரைக் கோடி லிட்டர் அளவில் இரண்டு நிலையங்கள் சவ்வூடு பரவல்வரை சுத்தம் செய்கின்றன. தண்ணீர் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. குடிக்கக் கொடுப்பது பற்றி நம் ஊரில் மக்களிடம் அந்த மாதிரிப் பேச யாராவது பல வருடம் ஒரே நாற்காலியில் இருக்க வேண்டும். ஐ.ஏ.எஸ். அதிகாரி கெட்டிக்காரராகத்தான் இருப்பார், ஆனால் மாற்றல் ஆணை வந்தால் பேசிய பேச்சு அவரோடு போய்விடும்.

சந்தேகச்சாமி எழுதியது:

ஐயா, அப்போ ஒரே ஆளை இருபது வருடம் உட்கார வைத்தால் அக்கா சொன்ன மகோம்ப் கதை ஆகாதா?

பழைய மெட்ரோவாட்டர் எழுதியது:

ஆகலாம். அதற்குத்தான் மேலே ஒரு குழு. கிங் கவுண்டியின் பழைய வரலாறே அதுதான். சியாட்டிலை ஒட்டிய வாஷிங்டன் ஏரி நாறிப்போய், 1958ல் மக்கள் ஓட்டுப் போட்டு மெட்ரோ என்று தனி அமைப்பு உருவாக்கினார்கள், ஏரி சுத்தமானது. நல்ல வேலை செய்த அமைப்பு. ஆனால் அதன் குழுவில் ஊர்களுக்குக் கொடுத்த இடங்கள் மக்கள்தொகைக்குப் பொருந்தவில்லை, ஒருவருக்கு ஒரு ஓட்டு என்ற விதிக்கு அது முரண் என்று 1990ல் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1994ல் கவுண்டியோடு இணைத்தார்கள். ஏரியைச் சுத்தம் செய்தோம் என்று சொல்லி யாரும் தப்பிக்க முடியவில்லை, யாருக்குப் பதில் சொல்கிறாய் என்று கேட்டார்கள். நான் அதை மதிக்கிறேன்.

சந்தேகச்சாமி எழுதியது:

சரி, கூட்டத்துக்குப் போங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

நீரோட்டம் எழுதியது:

போய்விட்டு வந்தேன். விவரம் சொல்கிறேன்.

அறையில் முப்பது பேர் இருந்திருப்போம். பாதிப் பேர் வாரிய ஊழியர்கள். எனக்கு முன்னால் பேசியவர் மூன்று நிமிடத்தையும் தன் தெருவில் தோண்டிப் போட்ட பள்ளத்துக்கே செலவழித்தார், தலைவர் பொறுமையாகக் கேட்டார்.

நான் இரண்டே கேள்வி கேட்டேன். முதலில் பம்ப்ஹவுஸ் அண்ணா சொன்ன கையெழுத்து. முதல் வேட்பாளர் வெளிப்படைத்தன்மை, குழு உணர்வு, திறந்த கதவு என்று அழகாகப் பேசினார். கையெழுத்து யாருடையது என்று கடைசிவரை சொல்லவில்லை. இரண்டாமவர் பெண், பொறியாளர். நிலைய மேலாளர் கையெழுத்துப் போடுவார், அளவு மீறிய மாதங்களில் தானும் அந்தத் தாளைப் படித்த பிறகே அனுப்பச் சொல்லியிருந்ததாகச் சொன்னார். அப்படி ஒரு மாதத்தில் என்ன நடந்தது என்றும் விவரித்தார்: புயல் மழையில் ஒரு பம்ப் நிலையம் மூழ்கியது, மாற்று ஜெனரேட்டர் கிளம்பவில்லை, காரணம் டீசல் பழையது. பின்வரிசையில் சீருடையோடு உட்கார்ந்திருந்த நான்கைந்து பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டாவது பாண்டுக்காரன் கேள்வி. இருவருமே பராமரிப்பை வெட்ட மாட்டோம் என்றார்கள். அப்போது எதை என்று திரும்பக் கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது. அந்தப் பெண் மட்டும் மணிக்குப் பிறகும், புதிய தலைமை அலுவலகக் கட்டடத்தைத் தள்ளிப்போடுவேன் என்று ஒரே வரி சொன்னார். வாரிய உறுப்பினர் ஒருவர் முகம் மாறியது. அந்தக் கட்டடம் அவர் தொகுதியில் வருகிறதாம்.

பம்ப்ஹவுஸ் எழுதியது:

டீசல் பழையதானது தெரிந்த பொது மேலாளரா! எங்களுக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள்.

சந்தேகச்சாமி எழுதியது:

எல்லாம் சரி, பில் குறையுமா?

நீரோட்டம் எழுதியது:

ஏறும் என்று இருவருமே சொன்னார்கள். வாரியம் அடுத்த மாதம் ஓட்டெடுத்து முடிவு செய்கிறது. கட்டண ஆய்வறிக்கையைக் கூட்டத்தில் தாளாகக் கொடுத்தார்கள், ஸ்கேன் செய்து போடுகிறேன். பாண்டுக்காரன், கடன்தவணை மடங்கு பதினெட்டாம் பக்கத்தில் இருக்கிறது, ஒன்றே முக்கால் என்று போட்டிருக்கிறது. அது போதுமா?

பாண்டுக்காரன் எழுதியது:

மோசமில்லை. அந்தக் கணக்கில் புது வீடுகளின் இணைப்புக் கட்டணத்தையும் வருமானமாகச் சேர்த்திருக்கிறார்களா என்று அடிக்குறிப்பைப் பாருங்கள். வீடு கட்டுவது நின்றால் அந்தப் பணமும் நின்றுவிடும். ஸ்கேன் வந்ததும் நானும் பார்க்கிறேன்.